நகராமல் நிற்கும் ஆக்சுவேட்டர் ஏன் கொதிக்கிறது? விமானக் கட்டுப்பாட்டில் சூடும் எஃபிஷியன்சியும்

கருப்பூர்_மெக் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கருப்பூரில் மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் குழு விமானத்தின் ஃப்ளைட் கன்ட்ரோல் ஆக்சுவேட்டரை புராஜெக்டாக எடுத்திருக்கிறது, அதாவது இறக்கையிலும் வாலிலும் அசைகிற எய்லரான், எலிவேட்டர், ரடர் என்ற பலகைகளைத் தள்ளி இழுக்கிற பாகம். படிக்கிற இடத்திலெல்லாம் ஆயில் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ராலிக் முறை சக்தியை வீணாக்கும், எலக்ட்ரிக் ஆக்சுவேட்டரின் எஃபிஷியன்சி அதிகம் என்று இருக்கிறது. அடுத்த பக்கத்திலேயே எலக்ட்ரிக்கின் பெரிய தலைவலி சூடு என்கிறார்கள். வீணாவது குறைவு என்றால் சூடும் குறைவாகத்தானே இருக்க வேண்டும்? இது எங்கே இடிக்கிறது என்று புரியவில்லை. 35,000 அடியில் வெளியே மைனஸ் 54 டிகிரி குளிர் வேறு. அங்கே எது சூடாகும்?

சூரமங்கலம்_பவர்பேக் எழுதியது:

தம்பி, விமானத்தைத் தொட்டதில்லை, ஆனால் நீங்கள் கேட்பதை நான் தினமும் பார்க்கிறேன். பிளாஸ்டிக் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷின்களுக்கு ஹைட்ராலிக் சர்வீஸ் செய்கிறேன். பழைய மெஷினில் மோட்டார் எப்போதும் முழு வேகத்தில் ஓடும், பம்பு ஒரே அளவு ஆயிலைத் தள்ளிக்கொண்டே இருக்கும், மெஷினுக்கு வேண்டாத ஆயில் ரிலீஃப் வால்வு வழியாக டேங்குக்குத் திரும்பும். அப்படித் திரும்பும் ஆயிலெல்லாம் சூடுதான். அதற்கு ஆயில் கூலர், கூலருக்குத் தண்ணீர், தண்ணீருக்குக் கூலிங் டவர். சேலத்து ஏப்ரல், மே வெயிலில் டவர் சரியாக இல்லையென்றால் ஆயில் 60 டிகிரியைத் தாண்டி சீல் எல்லாம் போய்விடும்.

இப்போது எல்லோரும் சர்வோ பம்புக்கு மாறுகிறார்கள். மெஷின் கேட்டால்தான் மோட்டார் சுற்றும், கேட்காவிட்டால் நிற்கும். கரண்ட் பில் நன்றாகவே குறைகிறது, ஆயில் கூலருக்கு வேலையே இல்லை. ஆனால் ஹோல்டிங் நேரத்தைப் பாருங்கள். அச்சுக்குள் பிளாஸ்டிக் உறையும் வரை அழுத்தத்தை விடாமல் பிடிக்க வேண்டும். ஆயில் நகராது, மோட்டார் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே முழு முறுக்கு கொடுத்துக்கொண்டிருக்கும். அந்த நேரம் மோட்டார் உடம்பில் கை வைக்க முடியாது. அதனால்தான் சர்வோ மோட்டாரின் பின்னால் தனியாக ஒரு விசிறி வைத்துக் கொடுக்கிறார்கள். மொத்த சூடு குறைந்துவிட்டது, ஆனால் மிச்சமிருக்கிற சூடு முழுக்க ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

விமான இறக்கைக்குள் அந்த விசிறியை எங்கே வைப்பார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஏற்காடு_ஹேங்கர் எழுதியது:

பவர்பேக் நண்பர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். நான் விமானப் பராமரிப்பில் வேலை செய்து ஓய்வு பெற்று இப்போது மலையில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பழைய முறை. பெரும்பாலான பயணிகள் விமானங்களில் ஹைட்ராலிக் அழுத்தம் 3000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). ஏ380, போயிங் 787, ஏ350 மூன்றிலும் 5000. மோல்டிங் மெஷின் போல ரிலீஃப் வால்வில் கொட்டுவதில்லை, எஞ்சினோடு சுற்றும் பம்பு தேவைக்கேற்பத் தன் கொள்ளளவையே குறைத்துக்கொள்ளும், ஆனால் அழுத்தத்தை மட்டும் எப்போதும் 3000-இல் வைத்திருக்கும். எய்லரானை அந்த நொடியில் நகர்த்த 1000 பிஎஸ்ஐ போதும் என்றாலும் வருவது 3000. மீதி 2000, ஆக்சுவேட்டருக்கு ஆயிலை அளந்து விடும் சர்வோ வால்வின் குறுகிய வாயில் சூடாகிறது. கணக்கு போட்டுப் பாருங்கள், 3000 பிஎஸ்ஐ முழுவதும் ஒரு வால்வில் விழுந்தால் ஆயில் ஒரு முறை கடக்கும்போதே சுமார் 12 டிகிரி ஏறும். 5000 என்றால் 20.

அதோடு கசிவு. சர்வோ வால்வு மூடி நிற்கும்போதும் உள்ளுக்குள் கொஞ்சம் கசிந்துகொண்டே இருக்கும். 3000 பிஎஸ்ஐயில் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கசிந்தால் 345 வாட். இப்படி ஒரு விமானத்தில் எத்தனை வால்வுகள்! வேலையே நடக்காதபோது இவ்வளவு சக்தி போகிறது. ஹைட்ராலிக்கை வீண் என்று சொல்வது இதைத்தான், அது உண்மையும்கூட.

ஆனால் அந்தச் சூடு எங்கே போகிறது? ஆயிலோடு கிளம்பி, நீளமான பைப் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்து, மையத்துக்குத் திரும்பி வருகிறது. போயிங் 737-இல் பம்பின் உட்கசிவு ஆயிலை எரிபொருள் டேங்குக்குள் இருக்கும் ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியாக விட்டு ஆற்றுகிறார்கள். தரையில் எலக்ட்ரிக் ஹைட்ராலிக் பம்பை ஓட்ட வேண்டுமானால் அந்தப் பக்கத்து மெயின் டேங்கில் குறைந்தது 760 கிலோ எரிபொருள் இருக்க வேண்டும் என்று விதியே உண்டு, எக்ஸ்சேஞ்சர் எரிபொருளில் மூழ்கியிருக்க வேண்டுமல்லவா. இன்னொன்று, யாரும் அதிகம் சொல்லாதது. அந்த வீண் கசிவுதான் உயரத்தில் இறக்கை நுனியில் இருக்கும் ஆக்சுவேட்டரைக் குளிரில் உறைந்துபோகாமல் வெதுவெதுப்பாக வைத்திருக்கிறது. கசிவை முழுக்க அடைத்தால் ஆயில் தேன் போலத் தடித்து வால்வு மந்தமாகிவிடும்.

இப்போது எலக்ட்ரோ ஹைட்ரோஸ்டாட்டிக் ஆக்சுவேட்டர், சுருக்கமாக ஈஹெச்ஏ. இறக்கைக்குள்ளேயே ஒரு சிறிய மோட்டார், அதில் ஒரு சிறிய பம்பு, பக்கத்தில் சிலிண்டர், கொஞ்சம் ஆயில், எல்லாம் ஒரே கட்டு. மையத்திலிருந்து வருவது மின்கம்பி மட்டும். சர்வோ வால்வே இல்லை, மோட்டார் சுற்றும் திசைப்படி பிஸ்டன் போகும், நின்றால் நிற்கும். அதனால் வால்வு இழப்பு இல்லை, மொத்தமாகக் கணக்குப் பார்த்தால் எவ்வளவோ சிக்கனம். ஆனால் உள்ளே பிறக்கிற சூட்டை எடுத்துப் போக ஆயில் எங்கும் பயணிப்பதில்லை. கட்டின் உலோக உடம்பு வழியாக இறக்கைக்குப் போக வேண்டும், அல்லது சுற்றியிருக்கும் காற்றுக்குப் போக வேண்டும், வேறு வழியே கிடையாது. இறக்கை அலுமினியமாக இருந்தவரை அது வாங்கிக்கொண்டது. இப்போது கார்பன் ஃபைபர். அலுமினியக் கலவை சூட்டைக் கடத்துவது ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 120 வாட்டுக்கும் மேல், கார்பன் லேமினேட் தடிமன் வழியாக ஒரு வாட்டுக்கும் குறைவு. ஏறக்குறைய போர்வை போட்டு மூடிய மாதிரி.

ஆகவே தம்பி, எஃபிஷியன்சி சதவீதம் மட்டும் இங்கே உதவாது. சூடு எவ்வளவு பிறக்கிறது என்பது ஒரு கேள்வி, எந்த இடத்தில் பிறந்து எந்த வழியாக வெளியேறுகிறது என்பது வேறு கேள்வி. ஹைட்ராலிக் முதல் கேள்வியில் தோற்று இரண்டாவதில் ஜெயிக்கிறது. எலக்ட்ரிக் நேர் எதிர்.

கருப்பூர்_மெக் எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. ஆனால் அந்தக் குளிர்? மைனஸ் 54-இல் போர்வை இருந்தால்கூட ஆறிவிடாதா?

ஏற்காடு_ஹேங்கர் எழுதியது:

40,000 அடியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் கால் பங்கு. குளிர் இருக்கிறது, ஆனால் சூட்டை வாங்கிக்கொண்டு போக ஆள் குறைவு. ஆக்சுவேட்டர் இருப்பதும் வெளிக்காற்றில் இல்லை, இறக்கையின் பின்பக்க மூடிய அறைக்குள், அங்கே காற்று ஓட்டமும் அவ்வளவாக இல்லை. ஆனாலும் உண்மையான ஆபத்து நேரம் உயரத்தில் இல்லை. மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு கான்கிரீட்டில் வெயிலில் நின்ற விமானத்தின் இறக்கை ஏற்கெனவே கொதித்துப்போய் இருக்கும், அந்த நிலையில் கட்டுப்பாட்டுச் சோதனை, ரன்வே வரை தரையில் உருண்டு போவது, பிறகு முழு பாரத்தோடு டேக்ஆஃப். வடிவமைப்பாளர்கள் பயப்படுவது அதற்குத்தான். எஃப்-35 போர் விமானத்தில் எரிபொருளைத்தான் பல சூடுகளுக்கும் வடிகாலாக வைத்திருக்கிறார்கள். அதனால் 2014-இல் அரிசோனாவில் லூக் விமானத் தளத்தில் எரிபொருள் லாரிகளுக்கே வெள்ளை பெயிண்ட் அடித்தார்கள், வெயிலில் எரிபொருள் சூடாகிவிட்டால் விமானம் அதை வடிகாலாகப் பயன்படுத்த முடியாது என்று.

அம்மாபேட்டை_வைண்டிங் எழுதியது:

மோட்டார் பக்கத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் சூட்டில் முதலில் சாவது அதுதான்.

பிஸ்டன் நகரவில்லை என்றால் வெளியே கிடைக்கும் வேலை சுழியம். உள்ளே கரண்ட் ஓடுகிறது, அத்தனையும் காப்பரில் சூடு. அந்த நொடியில் எஃபிஷியன்சி சுழியம், எவ்வளவு விலை உயர்ந்த மோட்டாராக இருந்தாலும் சுழியம்தான். முறுக்கு இரண்டு மடங்கு வேண்டுமென்றால் கரண்ட் இரண்டு மடங்கு, சூடு நான்கு மடங்கு. 0.5 ஓம் வைண்டிங்கில், அதாவது காப்பர் கம்பிச் சுற்றில், 20 ஆம்பியர் போனால் 200 வாட், 40 போனால் 800 வாட்.

இது இதோடு நிற்பதில்லை. காப்பரின் ரெசிஸ்டன்ஸ் ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும், 100 டிகிரி ஏறினால் 39 சதவீதம். நியோடைமியம் காந்தம் அதே 100 டிகிரியில் 11 சதவீதம் அளவுக்குப் பலம் இழக்கும், அதே முறுக்குக்கு இன்னும் 12 சதவீதம் கரண்ட் கூடுதலாக வேண்டும். இரண்டையும் பெருக்கினால் குளிர்ந்த மோட்டாரைவிட முக்கால் மடங்கு அதிக சூடு, வேலை அதேதான். சூடு சூட்டைப் பெற்றுப்போடுகிறது. வெளியேறும் வழி போதவில்லை என்றால் இது ஓரிடத்தில் நிற்காது, வைண்டிங் இன்சுலேஷன் எரியும் வரை போகும். இப்படிச் சூடாகிற இடங்களில் சமேரியம் கோபால்ட் காந்தம் போடுவது இதற்காகத்தான், அது 300 டிகிரி வரை தாங்கும், பலமும் மெதுவாகத்தான் குறையும்.

இன்னொரு விஷயம், இதை நன்றாக மனதில் வையுங்கள். சுற்றும் மோட்டாரில் மூன்று ஃபேஸும், அதாவது வைண்டிங்கின் மூன்று பிரிவுகளும், சூட்டை மாறி மாறிப் பங்கிட்டுக்கொள்ளும். நின்ற மோட்டாரில் பங்கீடு இல்லை. ரோட்டர் ஒரு மோசமான கோணத்தில் நின்றுவிட்டால் ஒரு ஃபேஸ் உச்சக் கரண்டை விடாமல் சுமக்கும், மற்ற இரண்டும் பாதிப் பாதி. அந்த ஒரு ஃபேஸில் சராசரியைப்போல் இரண்டு மடங்கு சூடு. மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவில் அந்த ஃபேஸை ஓட்டும் டிரான்சிஸ்டருக்கும் இதே கதிதான். மொத்த வாட்டை மட்டும் பார்த்து டிசைன் செய்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

ஓமலூர்_ரன்வே எழுதியது:

இவ்வளவு தலைவலி எதற்கு? நம் காமலாபுரம் ஏர்போர்ட்டுக்கு வருகிற சின்ன பயணிகள் விமானமான ஏடிஆர் 72-இல் எய்லரான், எலிவேட்டர், ரடர் எதற்கும் ஹைட்ராலிக்கும் இல்லை, மோட்டாரும் இல்லை. பைலட் கையால் இழுக்கிறார், கேபிள் வழியாகப் போகிறது, பின்விளிம்பில் இருக்கிற டேப் என்ற சின்னப் பலகைகள் காற்றையே உதவிக்குப் பிடித்துக்கொள்கின்றன. ஹைட்ராலிக் இருப்பது ஸ்பாய்லர், ஃப்ளாப், லேண்டிங் கியர், பிரேக் இவற்றுக்கு. சூடும் இல்லை, ஒன்றும் இல்லை, நன்றாகத்தானே பறக்கிறது.

ஏற்காடு_ஹேங்கர் எழுதியது:

நன்றாகப் பறக்கிறது, அந்த வேகத்துக்கும் அந்த எடைக்கும் அதுவே சிறந்த தீர்வு. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்கு, இறக்கையும் பெரிது, மனிதக் கை தாங்காது. ஜெட்டுக்கு வந்தால் பவர் வேண்டும். அதே சமயம் மைய ஹைட்ராலிக்கை விட்டு ஏன் ஓடுகிறார்கள் என்பதற்கு எஃபிஷியன்சி மட்டும் காரணம் இல்லை. 1989 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு டிசி-10, நடு எஞ்சின் சிதறி மூன்று ஹைட்ராலிக் லைன்களையும் அறுத்துவிட்டது, கட்டுப்பாடு முழுக்கப் போனது. பைப்புக்குப் பதில் கம்பி இருந்தால் வேறு வேறு வழியாகக் கொண்டுபோவது சுலபம், எடையும் குறையும்.

ஏர்பஸ் ஏ380-இல் செய்ததைப் பாருங்கள், மூன்று ஹைட்ராலிக் சிஸ்டத்துக்குப் பதில் இரண்டு ஹைட்ராலிக், இரண்டு எலக்ட்ரிக். பெரும்பாலான எய்லரான்களிலும் எலிவேட்டரிலும் ஒரு பலகைக்கு ஒரு சாதாரண ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர், பக்கத்தில் ஒரு ஈஹெச்ஏ. அன்றாடம் வேலை செய்வது ஹைட்ராலிக், ஈஹெச்ஏ சும்மா கூடவே இழுபட்டுக்கொண்டு காத்திருக்கும், மற்றது போனால்தான் இது எழும். சூட்டுப் பிரச்சினையை நேராகத் தீர்க்கவில்லை, அது வரும் நேரத்தைச் சுருக்கிவிட்டார்கள். எனக்கு அந்த முடிவில் பெரிய மரியாதை உண்டு. எஃப்-35 அப்படி இல்லை, முதன்மைக் கட்டுப்பாடுகள் எல்லாம் 270 வோல்ட் டிசியில் ஓடும் ஈஹெச்ஏ, பறக்கும் நேரம் முழுக்க.

ஒரு மோசமான நிலையைச் சொல்கிறேன். இரட்டை எஞ்சின் விமானத்தில் ஒரு எஞ்சின் நின்றுவிட்டது, மூக்கு நேராக இருக்க ரடரை ஒரு பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். கடல் மேல் பறக்கும் விமானங்களுக்கு ஒற்றை எஞ்சினில் 180 நிமிடமும் அதற்கு மேலும்கூட அனுமதி இருக்கிறது. அவ்வளவு நேரமும் ரடர் மேல் காற்று அழுத்திக்கொண்டே இருக்கும். ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர் வால்வை மூடிவிட்டு அழுத்தத்தால் பிடித்துக்கொள்ளும், கசிவுச் சூடு மட்டும். ஈஹெச்ஏ பிடித்தால் மோட்டார் அத்தனை நேரமும் நின்ற இடத்தில் முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், வைண்டிங் நண்பர் சொன்ன கதை முழுக்க அங்கே நடக்கும்.

சூரமங்கலம்_பவர்பேக் எழுதியது:

அப்படியானால் பம்பின் கொள்ளளவைக் குறைத்துவிடலாமே? மோட்டாருக்கு வேண்டிய முறுக்கு என்பது அழுத்தம் பெருக்கல் ஒரு சுற்றுக் கொள்ளளவு, அதை 2π-ஆல் வகுக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு 1 சிசி பம்பு 3000 பிஎஸ்ஐயைப் பிடிக்க 3.3 நியூட்டன் மீட்டர் கேட்கும். அதையே அரை சிசியாக்கினால் முறுக்கு பாதி, கரண்ட் பாதி, சூடு கால் பங்கு. பிடித்து நிற்கும்போது ஆயில் வேண்டியதே கசிவை ஈடுகட்ட மட்டும்தான், சிறிய கொள்ளளவே போதும். வேகமாக நகர வேண்டும்போது மட்டும் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

ஏற்காடு_ஹேங்கர் எழுதியது:

அருமை, அதேதான். ஆராய்ச்சி அந்தப் பக்கமும் போகிறது. சொல்லப்போனால் பழைய பிரிட்டிஷ் விமானங்கள் இதை வேறு விதத்தில் செய்தன. வல்கன் குண்டுவீச்சு விமானம், 1962-இல் முதலில் பறந்த விசி10 பயணிகள் விமானம், இரண்டிலும் ஒவ்வொரு கட்டுப்பாட்டுப் பலகைக்கும் தனித்தனி மின்சார ஹைட்ராலிக் பெட்டி. அதில் மோட்டார் நிற்பதே இல்லை, ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும், பம்பின் கொள்ளளவைக் கூட்டிக் குறைத்துப் பிஸ்டனை ஓட்டுவார்கள். சும்மா சுற்றும் இழப்பு உண்டு, ஆனால் நின்ற மோட்டாரின் சூடு என்ற பிரச்சினை அங்கே எழவே இல்லை. இன்றைக்கு நிரந்தரக் காந்தமும் நல்ல டிரைவும் வந்தபிறகு அந்தச் சும்மா சுற்றுதலை விட்டார்கள், அதோடு அதிலிருந்த ஒரு வசதியையும் விட்டார்கள் என்பது என் கருத்து. கொள்ளளவை மாற்றும் பாகம் வந்தால் எடை கூடும், கெட்டுப்போக இன்னொரு பொருள் சேரும், எல்லாம் சரி. ஆனாலும் ரடர் போன்ற இடத்துக்கு அது தகும்.

அம்மாபேட்டை_வைண்டிங் எழுதியது:

ஆயிலே வேண்டாம், மோட்டார், கியர், மரைக்குள் குண்டுகள் உருளும் பால் ஸ்க்ரூ போதாதா? பால் ஸ்க்ரூ 90 சதவீதம் எஃபிஷியன்சி கொடுக்குமே.

ஏற்காடு_ஹேங்கர் எழுதியது:

அந்த 90 சதவீதமே ஒரு விதத்தில் எதிரி. உராய்வு குறைவு என்பதால் காற்று பின்னாலிருந்து தள்ளினால் ஸ்க்ரூ திரும்பிச் சுற்றும், அதை நிறுத்த மோட்டார் மறுபடி நின்ற இடத்தில் முறுக்க வேண்டும். உராய்வு அதிகமுள்ள சாதாரண மரை தானாகவே பூட்டி நிற்கும், ஆனால் நகரும்போது பாதிக்கு மேல் சக்தி உராய்வில் போகும், தேய்மானமும் அங்கே. 2000 ஜனவரி 31-இல் அலாஸ்கா ஏர்லைன்ஸ் எம்டி-83 கடலில் விழுந்து 88 பேர் இறந்தது வால் ஸ்டெபிலைசரைச் சாய்க்கும் மரைத்தண்டான ஜாக்ஸ்க்ரூவின் நட்டில் கிரீஸ் போதாமல் மரை தேய்ந்து அறுந்ததால்தான். அதன் பிறகு யாரும் இந்தப் பாகத்தை லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

இன்னொரு பயம், ஸ்க்ரூ இறுகி நின்றுவிடுவது. ஒரு எய்லரானில் இரண்டு ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர் இருந்து ஒன்று செத்தால் அதன் ஆயிலைத் தடையில்லாமல் இரு பக்கமும் ஓட விட்டு மற்றது பலகையை இழுத்துக்கொள்ளும். பால் ஸ்க்ரூ இறுகினால் மற்றதையும் சேர்த்துக் கட்டிப்போட்டுவிடும். அதனால் எப்போதாவது நகர்ந்து பிறகு பிரேக் போட்டு நிற்கலாம் என்கிற இடங்களுக்கு அது பொருத்தம். 787-இல் ஸ்டெபிலைசர் டிரிம்மும் சில ஸ்பாய்லர்களும் எலக்ட்ரோ மெக்கானிக்கல். பிரேக் பிடித்துவிட்டால் கரண்ட் வேண்டாம், சூடும் இல்லை.

சூரமங்கலம்_பவர்பேக் எழுதியது:

காற்று பின்னாலிருந்து தள்ளும்போது மோட்டார் ஜெனரேட்டராகி கரண்ட் திரும்பி வருமே, அதை என்ன செய்கிறார்கள்?

ஏற்காடு_ஹேங்கர் எழுதியது:

பெரும்பாலும் விமானத்தின் மின்லைனுக்குத் திருப்பி அனுப்ப விடுவதில்லை, வோல்டேஜ் கலங்கும். டிரைவுக்குள்ளேயே ஒரு ரெசிஸ்டரில் எரித்துவிடுவார்கள். அதுவும் அதே அறைக்குள் சூடுதான்.

கருப்பூர்_மெக் எழுதியது:

இப்போது தெளிவாகப் புரிகிறது. புராஜெக்டில் எஃபிஷியன்சி ஒப்பீட்டை விட்டுவிட்டு, நின்ற மோட்டார் எவ்வளவு வேகமாகச் சூடாகிறது, அதை அலுமினியத் தகட்டில் பொருத்தினால் என்ன, கார்பன் தகட்டில் பொருத்தினால் என்ன என்று அளந்து பார்க்கலாமா என்று யோசிக்கிறோம். ஒரு சிறிய சர்வோ மோட்டார் கிடைத்தால் போதும். வைண்டிங்குக்குள் வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள் வைப்பது எப்படி என்றுதான் தெரியவில்லை.

அம்மாபேட்டை_வைண்டிங் எழுதியது:

தெர்மோகப்பிளை உடம்பிலும் தகட்டிலும் ஒட்டுங்கள், உள்ளே வேண்டாம். வைண்டிங் சூட்டை ரெசிஸ்டன்ஸ் வைத்தே கண்டுபிடிக்கலாம். ரோட்டரைப் பூட்டிவிட்டு இரண்டு முனைகளுக்கு நடுவே டிசி கொடுங்கள், நின்ற மோட்டாருக்கு அது போதும். ஆரம்பிக்கும் முன் மோட்டார் முழுக்க அறை வெப்பத்தில் இருக்கும்போது ரெசிஸ்டன்ஸையும் வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சூடான ரெசிஸ்டன்ஸைக் குளிர் ரெசிஸ்டன்ஸால் வகுத்து, 234.5-உடன் ஆரம்ப வெப்பத்தைக் கூட்டிப் பெருக்கி, மறுபடி 234.5-ஐக் கழித்தால் வைண்டிங் வெப்பம் வந்துவிடும். 32 டிகிரியில் 0.50 ஓம் இருந்தது 0.65 ஆனால் 112 டிகிரி. இவ்வளவு சின்ன ஓமை சாதாரண மல்டிமீட்டரில் அளக்காதீர்கள், மீட்டர் வயரின் ரெசிஸ்டன்ஸே கணக்கைக் கெடுத்துவிடும். ஓடும் கரண்டையும் மோட்டார் முனையிலேயே வோல்டேஜையும் தனித்தனியாக அளந்து வகுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே கரண்டை இரண்டு தகட்டிலும் கொடுக்காதீர்கள் என்றும் சொல்வேன், ஒரே முறுக்கு வருகிற மாதிரி வைத்து ஓட்டுங்கள். ரோட்டரைப் பூட்டும் கையில் விசையை அளக்கும் ஒரு சின்ன லோட் செல் போட்டால் முறுக்கு தெரியும், காந்தம் பலம் இழப்பதும் அதில் தெரியும். 130 டிகிரியில் நிறுத்திவிடுங்கள். ரீவைண்டிங்குக்கு வந்த பழைய சர்வோ மோட்டார் ஒன்று பட்டறையில் இருக்கிறது, உரிமையாளர் வேண்டாம் என்று விட்டுப்போனது. வந்து எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் தகடு மட்டும் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.